கறுப்பு மண்ணில் கத்துகிற மெஷின்

சொத்தவிளைக் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு சாயாக்கடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். எல்லாரும் மெட்டல் டிடெக்டர் பைத்தியங்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். ஒருவர் வளைகுடாவில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய அண்ணன். நான் நாகர்கோவிலில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். புதிதாக யாராவது வந்து சேர்ந்தால் பெயரைக் கேட்க மாட்டோம். "என்ன மெஷின்?" என்றுதான் கேட்போம். நம்ம பக்கத்தில் "வீடு எங்க?" என்று கேட்டு அதற்குள் வேறொன்றைத் தெரிந்துகொள்வார்களே, அந்த மாதிரிக் கேள்வி அது. பதிலை வைத்து ஆளை எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று முடிவாகிவிடும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் கையில் இருந்தது 3,800 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய மஞ்சள் பெட்டி. முள் ஆடுகிற மீட்டர், இரண்டு திருகு, அவ்வளவுதான். கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் முதல் வாரமே உரிந்துபோயிருந்தது. வளைகுடா அண்ணன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பிள்ளைகளுக்குப் பெறந்தநாளுக்குக் கொடுக்குற சாமானாக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு, ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போனில் வேறு மெஷின் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்திரேலியாவின் மைன்லேப், டெக்சாஸின் காரெட், பிரான்சின் எக்ஸ்பி, துருக்கியின் நோக்டா. இந்தக் கம்பெனிப் பெயர்களைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. தெரிந்துகொண்ட பிறகு நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, புதிதாக வருகிறவனிடம் அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. பின்னால் நான் மற்றவர்களைப் பற்றிச் சொல்வது எல்லாம் எனக்கும் சேர்த்துத்தான்.

ஒரு நாள் அண்ணனோடு வாக்குவாதம். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய மெஷின் அவருடையது. "மூவாயிரம் ரூவா சாமானை வச்சிட்டு எவனாவது உருப்படியா எடுத்திருக்கானாடே?" என்று கேட்டார். நான் டெர்ரி ஹெர்பர்ட் கதையை எடுத்துவிட்டேன். 2009 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், பழைய சாமான் சந்தையில் இரண்டரை பவுண்டுக்கு வாங்கிய ஒரு பழைய டிடெக்டரோடு வயலில் நடந்த மனுஷன். அவர் கண்டெடுத்தது ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தங்கமும் வெள்ளியும். கிலோக்கணக்கில். அதிகாரிகள் போட்ட மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. வாத்தியார் கை தட்டினார். அண்ணன் சாயாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அது இங்கிலாந்து மக்கா. அங்க மண்ணு மண்ணா இருக்கும். இங்க இருக்கதா மண்ணு?"

அன்றைக்கு அதைத் திமிர்ப் பேச்சு என்று நினைத்தேன். அவர் சொன்னதில் பாதி சரி என்பது பிறகுதான் விளங்கியது.

நம்ம கடற்கரை மண் சாதாரண மண் இல்லை. கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கிற பல நிற மணலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குமரி அம்மனுக்கும் சுசீந்திரத்து ஈசனுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோய், சமைக்காத அரிசியும் தானியமும் மணலாகிவிட்டன என்பது கதை. தாதுக்காரர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள்: சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், கூடவே ரூட்டைல், சிர்க்கான், மோனசைட். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல் துகளை ஆராய்ந்துதான் மணவாளக்குறிச்சி மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கயிறு விற்றவனுக்குத் தெரியாமல் மண்ணும் சேர்ந்து கப்பல் ஏறியிருக்கிறது. இன்றைக்கு அங்கே அரசின் தாது மணல் நிறுவனமான ஐஆர்இஎல்லின் ஆலை இயங்குகிறது.

இந்தக் கறுப்பு மண்தான் டிடெக்டருக்கு எமன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதில் இருக்கிற காந்தத்தை எடுத்து, முட்டத்திலோ மணவாளக்குறிச்சிப் பக்கத்திலோ மண்ணில் உருட்டிப் பாருங்கள். கறுப்பு மீசை முளைக்கும். கடைகளில் கிடைக்கிற பெரும்பாலான மெஷின்கள் விஎல்எஃப், அதாவது மிகக் குறைந்த அலைவரிசை வகை. காயில் என்கிற கம்பிச் சுருள் வழியாக ஒரு அலைவரிசையை இடைவிடாமல் மண்ணுக்குள் அனுப்பி, திரும்பி வருவது எவ்வளவு முன்பின்னாக வருகிறது என்பதை வைத்து இரும்பா, செம்பா, அலுமினியமா என்று சொல்லும். இரும்புச் சத்துள்ள தாது ஏராளமாகக் கிடக்கிற மண்ணில், மண்ணே ஒரு பெரிய இரும்புத் துண்டு மாதிரிக் கத்தும். அந்தச் சத்தத்தை அடக்கத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்று ஒரு திருகு இருக்கிறது. சரி, அதைத் திருகி அடக்கிவிடலாம் என்றால், அலை வந்து நனைக்கிற ஈர மண்ணில் உப்புத் தண்ணீர் வேறு. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அது வேறு ஒரு விதமாகக் கத்தும். ஒரே அலைவரிசையில் ஓடுகிற மெஷினால் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் அடக்க முடியாது. தாதுவுக்கு ஏற்பத் திருகினால் உப்பு கத்தும், உப்புக்கு ஏற்பத் திருகினால் தாது கத்தும். பல அலைவரிசைகளில் ஒன்றாக ஓடுகிற விலை கூடிய மெஷின்கள் இந்த இடத்தில்தான் தங்கள் விலைக்கு நியாயம் செய்கின்றன. என் மஞ்சள் பெட்டி காய்ந்த வெள்ளை மணலில் காசு எடுத்துக் கொடுத்தது. அலையோரத்துக் கறுப்புக்குப் போனால் பூனையை மிதித்த மாதிரி அலறியது.

ஆக, விலையில் விஷயம் இருக்கிறது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் பேசியது இந்த விஷயத்தைப் பற்றி இல்லை. ஆழத்தைப் பற்றி. "எனக்க மெஷின் ஒரு அடி போவும்", "இது ஒண்ணரை அடி." வைண்டிங் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் பேச்சு சீக்கிரமே சலித்துவிட்டது. காயிலிலிருந்து கீழே போகிற காந்தப்புலம், கொஞ்சம் தள்ளிப் போனபிறகு, தூரம் கூடக்கூட ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் குறையும். காசிலிருந்து மேலே திரும்பி வருவதும் அப்படியேதான். போக வர இரண்டையும் பெருக்கினால் ஆறாம் அடுக்கு. ஆழம் இரட்டிப்பானால் சிக்னல் ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகிவிடும். பத்து மடங்கு விலை கொடுத்தாலும் ஒரு காசுக்குக் கூடுதலாகக் கிடைப்பது சில விரற்கடை ஆழம்தான். பெரும்பாலான காசும் மோதிரமும் 15, 20 சென்டிமீட்டருக்குள் எடுத்தவைதான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது அடி ஆழத்துத் தங்கத்தை நூறு மீட்டர் தள்ளி நின்றே காட்டும் என்று இரண்டு ஆன்டெனாக் கம்பி வைத்த பெட்டி ஒன்றை லட்சக்கணக்கில் விற்கிறார்கள். அது மோசடி. அதில் டிடெக்டரே கிடையாது. வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இனி பாட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சங்குத்துறைப் பக்கம் காலையில் ஒரு பாட்டா வருவார். எழுபது வயது இருக்கும். கையில் ஒரு அரிப்புச் சல்லடை, இடுப்பில் ஒரு சாக்குப் பை, கயிற்றில் கட்டிய ஸ்பீக்கர் காந்தம். அலை வந்து திரும்புகிற இடத்தில் காந்தத்தை எறிந்து இழுத்துக்கொண்டே நடப்பார். அவரைப் பார்க்கும்போது எங்களுக்கு ஒரு இளக்காரம். மஞ்சள் பெட்டிக்காக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று வருத்தப்பட்ட அதே நான், புது மெஷின் கைக்கு வந்த மூன்றாம் வாரம் அவரிடம் போய், "பாட்டா, தங்கம் காந்தத்துல ஒட்டாது" என்று பாடம் எடுத்தேன்.

"தங்கம் ஒட்டாதுன்னு எனக்கும் தெரியும் மக்கா. ஒத்த ரூவா ஒட்டும்லா" என்றார்.

பையைத் திறந்து காட்டினார். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள், ஒரு படி இருக்கும். 1992க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டுகிற வகைத் துருப்பிடிக்காத எஃகு. என் மெஷினில் நான் போட்டிருந்தது காசு தேடுவதற்கென்று கம்பெனிக்காரன் வைத்த அமைப்பு. அது இரும்பை ஒதுக்கிவிடும், ஏனென்றால் அவன் நினைத்தது அவன் ஊர்க் காசை. நம்ம ஊர் எஃகுக் காசு அதில் ஒரு நேரம் இரும்பு என்று உறுமும், ஒரு நேரம் திரையில் காட்டுகிற எண் எங்கேயோ எகிறும், பல நேரம் சத்தமே வராது. அரை லட்ச ரூபாய் மெஷினோடு மூன்று வாரம் நான் அந்தக் காசுகளின் மேல் நடந்து போயிருக்கிறேன். அன்றே அந்த ஒதுக்கலை அணைத்தேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பெட்டியில் வந்த அமைப்பை நம்பாமல், சட்டைப் பையில் இருக்கிற ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய், மனைவியின் மெட்டி, ஒரு மோதிரம், ஒரு சோடா மூடி, ஒரு பான்மசாலாப் பாக்கெட் எல்லாவற்றையும் வரிசையாக மண்ணில் வைத்து ஒவ்வொன்றும் எப்படிக் கத்துகிறது என்று ஒரு மணி நேரம் கேளுங்கள். மெல்லிய தங்க மோதிரமும் பான்மசாலாப் பாக்கெட்டின் தகடும் ஒரே எண்ணில் வரும். குப்பைத் தகட்டை ஒதுக்கினால் மோதிரத்தையும் ஒதுக்கியாயிற்று. எந்த விலை மெஷினிலும் இதற்கு மருந்து கிடையாது.

பாட்டா சொன்ன இரண்டாவது விஷயம் இன்னும் பெரிது. எங்கள் ஆட்கள் எல்லாரும் கறுப்புப் பட்டையை விட்டுவிட்டு வெள்ளை மண்ணிலேயே தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "நீங்க ஏம்டே அங்ஙன போயி தேடுறிய? கறுப்பு மண்ணு எங்க கெடக்கோ அங்கதான் கனமுள்ளது கெடக்கும். கடலு அரிச்சுத்தான் போட்டிருக்கு."

அரிப்பு வைத்திருக்கிறவருக்குத் தெரிந்த விஷயம். சாதாரண மணலின் அடர்த்தி 2.65, இல்மனைட் 4.7, நகைத் தங்கம் 17க்கு மேல். அலை வந்து போகும்போது லேசான மணலைக் கொண்டுபோகிறது, கனமானது தங்குகிறது. ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்து வெள்ளை மணலை எடுத்துக்கொண்டுபோன பிறகு கரையில் கறுப்புப் பட்டை பட்டையாகத் தெரிவது அதனால்தான். கறுப்பு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த அதே அலைதான் மோதிரத்தையும் ஈயக் குண்டையும் அங்கே சேர்க்கும். நாங்கள் என்ன செய்தோம்? மெஷின் கத்துகிறது என்பதற்காக அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று எங்களுக்குள் பேசி முடிவு பண்ணியிருந்தோம். தேடுகிற இடத்தை மெஷினுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் நானே ஒன்று செய்தேன். பல்ஸ் இண்டக்‌ஷன் என்று ஒரு முறை உண்டு. காயிலுக்குள் சட்டென்று மின்சாரத்தைச் செலுத்தி, சட்டென்று நிறுத்தி, பத்துப் பதினைந்து மைக்ரோ விநாடி கழித்துக் காது கொடுத்துக் கேட்கும். அதற்குள் உப்புத் தண்ணீரின் சத்தம் அடங்கிவிடும், கறுப்பு மண்ணின் சத்தமும் பெரும்பாலும் போய்விடும். உலோகத்துக்குள் சுழல்கிற மின்னோட்டம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சர்க்யூட் போர்டு கிட்டாகக் கிடைக்கிறது. காயில் நம்ம வேலைதானே. 20 சென்டிமீட்டர் விட்டத்தில் 26 சுற்று எனாமல் செம்புக் கம்பி, ஏறத்தாழ 300 மைக்ரோஹென்றி. வெள்ளம் புகாமல் எப்பாக்சி ஊற்றினேன். பிடி பிவிசி குழாய். கம்பி காயிலுக்குப் பக்கத்தில் ஆடினாலே பொய்ச் சத்தம் வரும், அதனால் குழாயோடு இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் செலவு. பார்க்க வாளி மூடியைக் கம்பில் கட்டின மாதிரி இருக்கும். அண்ணன் அதற்கு "அப்பச்சட்டி" என்று பெயர் வைத்தார்.

அப்பச்சட்டியில் ஒரு குறை உண்டு. இரும்பு, தங்கம் என்று அது பிரித்துச் சொல்லாது. கத்தினால் தோண்ட வேண்டியதுதான். ஒரு காலையில் நாற்பது குழி தோண்டினால் இருபது தூண்டில் முள்ளும் ஆணியும், பத்து மூடி, ஐந்தாறு காசு, மீதி என்னவென்றே தெரியாத துரு. முதுகு வலிக்கிறவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது.

ஒரு மே மாதம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். புதுப் பெண். தாலியோடு சங்கிலி அலையில் போய்விட்டது. யாரோ அண்ணனுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். அவர் போய் இரண்டு மணி நேரம் தேடிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அந்தப் பெண் அழுது முடித்து, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மாமியார்தான் இடத்தைக் காட்டினார்: "இங்கதான், இந்த இடத்துலதான்."

1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது, உடம்பில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு போனார். இன்றைய டிடெக்டருக்கு அது ஒரு பாட்டன். கருவியில் குறை இல்லை. மருத்துவர் வலப்பக்கம் மட்டும் தேட விட்டார். கட்டிலில் இருந்த உலோக ஸ்பிரிங் வேறு குழப்பியது. கடைசியில் குண்டு இடப்பக்கம் இருந்தது, அதுவும் அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது. மாமியார் கையை நீட்டியபோது எனக்கு அந்த ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் போனை வாங்கினேன். அலையில் நின்று எடுத்த படங்கள் முப்பது, நாற்பது இருந்தன. 10.42 மணிப் படத்தில் சங்கிலி கழுத்தில் தெரிகிறது. 10.49 படத்தில் இல்லை. இரண்டிலும் பின்னால் ஒரு சாய்ந்த தென்னையும் ஒரு விளக்குக் கம்பமும். அந்த இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நின்றால், மாமியார் காட்டிய இடத்திலிருந்து இருபது தப்படி கிழக்கே.

அங்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடியது. அண்ணனின் மெஷின் அதிலும் வேலை செய்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் அவர் உணர்திறனை உச்சத்தில் வைத்திருந்தார். கறுப்பு மண்ணில் அது தப்பு. குறைத்து வைத்தால்தான் உள்ளே இருப்பது கேட்கும். இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் மெதுவாகப் பேசினால் ரேடியோவைத்தானே குறைப்போம்? கிரவுண்ட் பேலன்ஸையும் வெள்ளை மண்ணில் ஒரு தடவை செய்துவிட்டு அப்படியே வந்திருந்தார். மண்ணின் நிறம் மாறுகிற ஒவ்வொரு தடவையும் காயிலை மேலும் கீழும் ஆட்டி, சத்தம் சமமாகும் வரை திருப்பிச் செய்ய வேண்டும். நான் சொன்னேன். அவர் காதில் வாங்காத மாதிரி நின்று, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் செய்தார்.

நைலான் கயிறு கட்டி, மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் கட்டமாகப் பிரித்தோம். நான் அப்பச்சட்டியை மண்ணை ஒட்டி, மெதுவாக, ஒரு வீச்சின் மேல் பாதி அடுத்த வீச்சு விழுகிற மாதிரி ஓட்டினேன். விளக்குமாறு வீசுகிற மாதிரி இரண்டு முனையிலும் தூக்குவது எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம், எனக்கும் உண்டு. மெல்லிய சங்கிலி டிடெக்டருக்குச் சரியாகக் கேட்காது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சின்ன வளையம், அதனால் பெரிய நகைகூட ஒரு குண்டூசி மாதிரி முனகும். நம்பிக்கை தாலியின் மேல்தான், அது ஒரே துண்டு. பதினோரு குழி. சோடா மூடி, ஈயக் குண்டு, தூண்டில் முள், ஒரு ஐந்து ரூபாய். பன்னிரண்டாவதில் மெதுவான ஒரு சத்தம். அள்ளிய ஈர மண்ணில் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, பொருள் இருக்கிற இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிற பின்பாயின்டர் என்ற கைக்கருவி என்னிடம் இல்லை. அண்ணன் தன் இடுப்பிலிருந்து உருவி மண்ணுக்குள் விட்டார். கிர்ர் என்றது. விரலில் தாலி மாட்டி வந்தது, பின்னால் சங்கிலி.

இன்றைக்கும் அந்தக் கதையை அண்ணன் சொல்லும்போது, "எனக்க பின்பாயின்டர் எடுத்துக் கொடுத்த தாலி" என்றுதான் ஆரம்பிப்பார். இருக்கட்டும்.

காசு போட வேண்டிய இடம் எது என்று கேட்டால், என் கணக்கு இப்படி. முதலில் ஹெட்போன், அலைச் சத்தத்தில் மெல்லிய சிக்னல் வெறுங்காதுக்கு எட்டாது. அடுத்தது பின்பாயின்டர். பிறகு ஒரு நல்ல அள்ளி. அதைக் கடையில் வாங்காமல் வெல்டிங் பட்டறை நண்பரிடம் எவர்சில்வர் தகட்டில் ஓட்டை போட்டு, கனமான குழாயைப் பிடியாக வைத்துச் செய்தேன். வெளிநாட்டு அள்ளியின் கால் பங்கு விலை, இரண்டு மடங்கு எடை. இவை எல்லாம் இருந்தும் கையில் பணம் இருந்தால் பல அலைவரிசை மெஷின் வாங்குங்கள். பழையது வாங்கினால் காயிலின் அடிப்பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், உப்பு அங்கே நுழைந்திருந்தால் அதோடு போச்சு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் கடல் நெடுந்தூரம் உள்வாங்கும் நேரம் பார்த்துத் தேடச் சொல்வார்கள். நம்ம கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், அதற்காக அலாரம் வைத்து எழும்ப வேண்டாம். ஆனி, ஆடி முடிந்த வாரங்களைப் பாருங்கள்.

ஹெட்போனைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். காதை அடைத்துக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். காற்றே இல்லாத வெயில் நாளில் எங்கிருந்தோ எழும்பி வருகிற கள்ளக்கடல் நம்ம கரைக்குப் புதிதில்லை. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை வெளியிடுகிற நாளில் நாங்கள் சாயா குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

சட்டம் பேசினால் எங்கள் பெஞ்சு அமைதியாகிவிடும். குளச்சல் போர், 1741, டச்சுக்காரன் என்று யாராவது ஆரம்பித்தால் உதயகிரிக்கோட்டைக்குள் கனவிலேயே குழி தோண்டிவிடுவார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை இருக்கிற இடத்துக்குள் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது, 1958 சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. மற்ற இடத்திலும், மண்ணுக்குள் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது 1878இன் புதையல் சட்டம். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்னும் மாற்றவில்லை. நாங்கள் ஆள் நடமாட்டம் உள்ள கடற்கரையில், புதிதாகத் தொலைந்ததை மட்டும் தேடுகிறோம். புது இடம் என்றால் முதலில் காவல் நிலையத்தில் போய் முகத்தைக் காட்டிவிடுவோம். கையில் கம்பியோடு விடியற்காலையில் கடற்கரையில் குனிந்து நடக்கிறவனை யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? தோண்டிய குழியை மூடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே பிள்ளைகள் ஓடும்.

போன ஆடி கழிந்து ஒரு மீனவ ஊருக்குப் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தோம். கடலரிப்பில் இரண்டு வரிசை வீடுகள் போன கரை அது. அண்ணன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்றார், திரையைப் பார்த்தார், "எண்ணு குதிக்குது, தகரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்பச்சட்டிக்குத் திரை கிடையாது. கத்தியது, தோண்டினேன். ஒரு முழ ஆழத்தில் எவர்சில்வர் மூடி. சம்படம் என்கிற டப்பாவின் மூடி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. ஒரு பெண் பெயர், அவள் அப்பா பெயரின் முதலெழுத்து, 12.5.86 என்று தேதி. கல்யாணச் சீர்.

அண்ணன் திரும்பி வந்து வாங்கிப் பார்த்தார். சட்டையில் துடைத்து, பெயரை இரண்டு தடவை வாசித்தார். அன்றைக்கு அவர் மெஷினைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஊர்ச் சர்ச் உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஞாயிறு பூசை முடிந்து அறிவித்திருக்கிறார்கள். மறுவாரம் நாங்கள் போனபோது கடற்கரையிலேயே ஒரு அம்மா காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். மூடியைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தார். நன்றி, கும்பிடு எதுவும் இல்லை. நேராக என்னிடம் கேட்டார்:

"இதுக்க சம்படம் எங்க மக்களே?"

கிடைக்கவில்லை என்றேன். "இங்கதான் கெடக்கும். ரெண்டும் ஒண்ணாத்தான் போச்சு" என்றார். கை காட்டிய இடத்தில் இப்போது அலை அடித்துக்கொண்டிருக்கிறது, அங்கேதான் அடுக்களை இருந்ததாம்.

அண்ணன் மெஷினைத் தரையில் வைத்து, மெனுவுக்குள் போய் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "இரும்பு, தகரம் எல்லாத்தையும் கேக்க வைக்கணும்னா எதை அமுக்கணும்டே?" என்றார். காட்டிக் கொடுத்தேன். அன்று பதினொரு மணி வரைக்கும் தேடினோம். இரண்டு ஒரு ரூபாய், ஒரு உடைந்த கரண்டி, நங்கூரத்துக் கொக்கி ஒன்று. சம்படம் இன்னும் கிடைக்கவில்லை. இந்த ஐப்பசிக்குள் மணல் திரும்பி வந்து மூடுவதற்கு முன்னால் இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.